ஒரே காற்றுக்கு மூன்று நிறங்கள்: பாங்காக்கில் நான்கு வாரக் கற்பித்தல் பயிற்சி

ஜனவரி 11, 2025, சனிக்கிழமை

நள்ளிரவுக்குப் பின் சென்னையில் ஏறிய விமானம் விடியும் நேரத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியது. மொத்தம் மூன்றரை மணி நேரப் பயணம். திண்டிவனத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிச் சென்னைக்கு வந்து சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததோடு வெளிநாடு வந்துவிட்டேன்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, பாடம் கணிதம். இந்த இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளிகளில் கற்பித்தாக வேண்டும் என்பது விதி. அதை ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஏற்கெனவே முடித்துவிட்டேன். அதற்கு மேல் நான்கு வாரம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் வகுப்பறை அனுபவம் பெறலாம் என்று எங்கள் கல்லூரி செய்திருந்த ஏற்பாட்டுக்கு என் பெயர் தேர்வானது. சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் விசா கிடைத்தது. விமானச் சீட்டுக்கான பணம் அம்மாவின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் வைத்ததால் கிடைத்தது. ஆகையால் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை என்றும், அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இங்கே குழந்தைகள் தினம். தங்குமிடத்துக்கு வரும் வழியெங்கும் பலூனும் கையுமாகப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

ஜனவரி 13, திங்கட்கிழமை

நான் தங்கியிருக்கும் ராம்காம்ஹேங் பகுதியிலிருந்து சுகும்வித் சாலைப் பக்கம் போக மிக மலிவான வழி, சேன் சேப் கால்வாயில் ஓடும் படகு. 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய இந்தக் கால்வாய் இன்று நகரத்தின் நெரிசலைத் தாங்கும் சாலைகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும். படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான், அதற்குள் கயிற்றைப் பற்றி ஏறிக்கொள்ள வேண்டும். நடத்துநர் உள்ளே வருவதில்லை. தலைக்கவசம் அணிந்து, படகின் வெளி விளிம்பில் கால் வைத்து நடந்தபடியே காசு வாங்குகிறார். எதிரே இன்னொரு படகு வரும்போது ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரு கயிற்றை இழுக்க, பிளாஸ்டிக் திரை எழுந்து கால்வாய்த் தண்ணீர் மேலே தெறிக்காமல் காக்கிறது. இந்தக் கயிறு என் பொறுப்பு என்பதை நான் உணர்வதற்குள் பக்கத்திலிருந்த அம்மாளின் வெள்ளைச் சட்டை நனைந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கயிற்றை என் கையில் எடுத்துக் கொடுத்தார்.

பள்ளி வாயிலில் எனக்கொரு அடையாள அட்டை தயாராக இருந்தது. கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியதன் பலனாக, அதில் ‘மிஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. மாற்றித் தர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரையில், ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக நின்றறியாத ஒரு கரும்பு விவசாயியின் பெயரால் ஐந்தாம் வகுப்பு என்னை அழைத்துக்கொண்டிருக்கும்.

வகுப்பில் 19 பிள்ளைகள், பத்து பதினொரு வயது. ஆசிரியை நியூசிலாந்துக்காரர், எனக்கு வழிகாட்டியும் அவரே; தாய்லாந்தைச் சேர்ந்த உதவி ஆசிரியை ஒருவரும் உண்டு. 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேச பாக்கலாரியேட் அமைப்பின் தொடக்க நிலைத் திட்டத்தை இந்தப் பள்ளி பின்பற்றுகிறது. இத்திட்டத்தில் ஆண்டு முழுவதுக்குமான படிப்பு ஆறு பெருங்கருத்துகளின் கீழ் அமைகிறது; மொழி, கணிதம், அறிவியல் எல்லாம் அக்கருத்தைச் சுற்றியே வருகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரை அகராதிப்படி தமிழாக்கினால் ‘விசாரணை அலகு’ என்று வரும். காவல் நிலையத்தில் ஒரு பிரிவு போல ஒலிப்பதால் நான் ‘தேடல்’ என்றே எழுதப்போகிறேன். இப்போது நடப்பது காற்றைப் பற்றிய தேடல்.

இரவு அம்மா பேசினார். இன்று போகி, சென்னையில் புகைமூட்டம் என்று தொலைக்காட்சியில் காட்டினார்களாம்.

ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை

பொங்கல். இங்கே வேலை நாள். அம்மா கைப்பேசியைப் பானைக்கு மேலே பிடித்துக் காட்டியபோது நான் படகுத்துறையில் நின்றிருந்தேன். ஆவியில் திரை மங்கிவிட்டதால் பொங்கியதைப் பார்க்க முடியவில்லை, குரல்தான் கேட்டது.

ஜனவரி 16, வியாழக்கிழமை

இன்று தாய்லாந்தில் ஆசிரியர் தினம். 1945ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று ஆசிரியர் சட்டம் அரசிதழில் வெளியானதை முன்னிட்டு 1957 முதல் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் ஆர்க்கிட் மலர்களோடு வந்தார்கள். எனக்கும் ஒரு கொத்து கிடைத்தது.

அதைவிடவும், மதிய உணவின்போது உதவி ஆசிரியை சொன்ன செய்தியே எனக்குப் பெரிதாகப்பட்டது. ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, தாய்லாந்துப் பள்ளிகளில் ‘வை க்ரூ’ என்னும் குரு வணக்கம் நடக்குமாம். மாணவர்கள் தட்டுகளில் ஏந்திச் செல்பவை எவை என்று அவர் கைப்பேசியில் படமாகக் காட்டினார்: நாம் இட்லிப்பூ என்று சொல்லும் வெட்சி, அருகம்புல், கத்தரிப்பூ, பொரி. வெட்சியின் மொட்டு ஊசிபோல் இருப்பதால் கூரிய அறிவு. எங்கு மிதித்தாலும் மீண்டும் படர்வதால் அருகம்புல். தலை கவிழ்ந்து பூப்பதால் பணிவுக்குக் கத்தரிப்பூ. எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த மூன்றும் இருக்கின்றன. கத்தரிப்பூ குனிந்துதான் பூக்கிறது என்பதை இத்தனை ஆண்டில் நான் கவனித்ததே இல்லை.

ஒரு சிறு சங்கடத்தையும் குறித்துவைக்கிறேன். வயதில் மூத்தவரை இங்கே பெயருக்கு முன்னால் அக்கா, அண்ணன் இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்லைச் சேர்த்து அழைக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் படிப்பவர் முகம் சுளிக்கும்படி ஆகிவிடும் என்பதால் எழுதாமல் விடுகிறேன். உதவி ஆசிரியையை அவ்வாறு அழைக்க நாக்கு எழவில்லை. ‘க்ரூ’ என்றே அழைக்கிறேன். குரு என்பதன் தாய்லாந்து மொழி வடிவம் அது.

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை

முதல் வாரம் முழுவதும் வகுப்பின் கடைசியில் அமர்ந்து கவனித்தேன். சுவரெங்கும் பிள்ளைகளின் கைவேலைதான் இருக்கிறது. தலைக்கு மேலே கம்பி கட்டி அவர்கள் வரைந்தவற்றைக் கவ்விகளால் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தாமே தம் பெயர்த் துண்டை எடுத்து வருகைப் பலகையில் மாட்டுகிறார்கள். ஒரு குழு ஆசிரியையோடு உட்காருகிறது, ஒரு குழு தமக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறது, வேறு சிலர் தனியே வேலை செய்கிறார்கள். இந்தப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும் பெற்றோருக்கு இதையெல்லாம் வருங்காலக் கல்வி என்று விளக்குகிறார்கள்.

எனக்கோ திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. புதன்கிழமை அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தபோது விளங்கியது. என் தொடக்கப் பள்ளியில் அதன் பெயர் கம்பிப்பந்தல்.

நான் முதல் வகுப்பில் சேர்ந்தது 2007ஆம் ஆண்டு, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் பரவிய காலம் அது. பெஞ்சு கிடையாது, பாயில் வட்டமாக உட்காருவோம். பாடங்கள் அட்டைகளாகப் பிரிந்திருக்கும். சுவரிலிருக்கும் ஏணிப்படத்தில் நாம் நிற்கும் படியைப் பார்த்து, அதே படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியரின் முழுத் துணையோடு கற்கும் குழுவில் தொடங்கி, தோழர்களின் துணையோடு கற்பது, தானே கற்பது, மதிப்பீடு என மொத்தம் ஆறு குழுக்கள். சுவரைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. வாசலருகே காலநிலை அட்டவணை. வெயிலா, மேகமா, மழையா என்று பார்த்துவிட்டு வந்து அன்றைய கட்டத்தில் படம் வரைவது என் வேலையாக இருந்த ஒரு மாதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது கிடைத்த அதிகாரம் அதன்பின் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.

இதை வழிகாட்டி ஆசிரியையிடம் சொன்னேன். அவர் நம்ப மறுக்கவில்லை, ஆனால் நிறையக் கேட்டார்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர். நான்கு வகுப்புகளும் ஒன்றாக அமர்ந்த அறையில் எங்களுக்கு ஒரே ஒரு ஆசிரியை. அவரே மதிய உணவுக் கணக்கும் எழுதுவார். இங்கே 19 பிள்ளைகளுக்கு இருவர். இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தைக் கொண்டு என் பி.எட். படிப்பைப் பல முறை படித்துவிடலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் அட்டைகள் கிழிந்தபின் புது அட்டை வரவில்லை. ஏணியின் நடுப்படிகள் இல்லாமலே நாங்கள் மேலே ஏறினோம்.

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை

பழைய நகரில் சுதாத் விகாரத்துக்கு எதிரே செந்நிறத்தில் நிற்கும் மாபெரும் ஊஞ்சலைப் பார்க்கப் போனேன். 1784இல் நிறுவியது, இன்றிருப்பது பின்னாளில் புதுப்பித்த தேக்குத் தூண்கள். பலகை கிடையாது, சட்டம் மட்டும்தான். ஒரு காலத்தில் இதில் ஆட்கள் விண்ணளாவ ஆடிய சடங்கு 1935இல் நின்றுபோனது. ஆயினும் அதனோடு சேர்ந்த வழிபாடு அருகிலிருக்கும் தேவஸ்தானம் என்ற அந்தணர் கோயிலுக்குள் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் பெயர் ‘த்ரீயம்பாவாய்’. நம் திருவெம்பாவைதான். மார்கழிக் காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு எந்தக் கப்பலில் ஏறி, எந்தக் காலத்தில் இவ்வளவு தூரம் வந்தது என்று எண்ணியபடி வெயிலில் வெகுநேரம் நின்றேன்.

மாலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நின்றார்கள். குங்குமம் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்ததும் “எந்த ஊரும்மா?” என்றார். எட்டு நாளுக்குப் பிறகு நேரில் கேட்ட தமிழ்.

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை

என் முதல் வகுப்பு இன்று. எழுதவே கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளி மேற்கூரையிலுள்ள கருவி, காற்றில் கலந்திருக்கும் நுண்துகளின் அளவைப் பதிகிறது. பி.எம். 2.5 என்கிறார்கள், 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் சிறிய துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அந்த அளவுகளைக் கொண்டு பட்டை வரைபடம் வரையக் கற்பிப்பது என் வேலை. கல்லூரியில் பழக்கியபடி ஐந்து பக்கப் பாடக் குறிப்பு எழுதியிருந்தேன்: ஊக்கமூட்டல், பொருள் வழங்கல், வலுவூட்டல், தொகுத்தல், மதிப்பிடல், எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கோடு. நாற்பது நிமிடத்தில் பாடம் முடிந்தது. மணியடிக்க ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. மனத்துக்குள் என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

வழிகாட்டி ஆசிரியை ஒரு தாளை நீட்டினார். நான் கேட்ட கேள்விகள் அனைத்தும், கேட்ட வரிசையில். எதிரே இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் கேள்விக்கும் அடுத்துப் பேச்சு எழுந்ததற்கும் இடையே எத்தனை நொடி. இரண்டாம் கட்டத்தில் பேசியது யார். மொத்தம் 34 கேள்விகள். முதல் கட்டம் முழுவதும் ஒன்று, ஒன்று, ஒன்றரை, ஒன்று. இரண்டாம் கட்டத்தில் 21 இடங்களில் என் பெயர் (அப்பாவின் பெயர் அல்ல, அட்டை மாறிவிட்டது). அதாவது, கேட்டவளும் நான், சொன்னவளும் நான். மீதியில் பெரும்பகுதி முன்வரிசையிலிருந்த மூன்றே பிள்ளைகள்.

அவர் குறை கூறவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதைத்தான் அளந்தார் என்றும், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பற்றி நான் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் அந்த 20 வாரத்தில் 16 வாரம் தொடர்ந்து கற்பித்தபோது என் பாடக் குறிப்பில் கையொப்பமிட்ட யாரும், நான் எத்தனை நொடி பொறுக்கிறேன் என்று பார்த்ததில்லை. 52 பிள்ளைகள் இருந்த வகுப்பில் அமைதி என்றால் எனக்கு அச்சம். அந்த இடைவெளியில் கூச்சல் புகுந்துவிடும். அந்த அச்சத்தைத்தான் பெட்டியில் வைத்து இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்கிழமை

இன்று கற்பிக்கவில்லை, கற்றேன். சர்வதேசப் பள்ளியாக இருந்தாலும் தாய்லாந்து மொழிப் பாடம் இங்கே கட்டாயம். பின்வரிசையில் நானும் உட்கார்ந்தேன். 44 மெய்யெழுத்துகள். க என்ற ஒலிச் சாயலுக்கு மட்டும் எத்தனையோ வடிவங்கள். நம் ஒற்றைக் ககரத்தின் சிக்கனத்தை இன்றுதான் மெச்சினேன். கணிதம் அங்கே ‘கணித்’, தொடக்கக் கல்வி ‘ப்ரதோம்’, இடைநிலை ‘மத்தயோம்’. எழுத்தும் கெமர் வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்ததே.

பாடம் முடிந்து ஒரு சிறுவன் தன் ஏட்டைக் காட்ட, பழக்கதோஷத்தில் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கழுத்தை மட்டும் சற்றே உள்ளிழுத்துக்கொண்டான். உதவி ஆசிரியை பிறகு தனியே அழைத்து, இங்கே தலை புனிதமானது, பெரியவராக இருந்தாலும் பிறர் தலையைத் தொடுவதில்லை என்று மென்மையாகச் சொன்னார். நம் ஊரில் தலையில் கை வைத்தால்தான் ஆசி. என் கைக்கு வேறு வேலை கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளிக்கிழமை

நகரின் மேல் சாம்பல் நிறப் போர்வை. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிந்துவிட, வாகனப் புகையும் வயல்வெளிகளில் எரிக்கும் புகையும் கீழேயே தங்கிவிடுகின்றன. நகர நிர்வாகத்தின் 350-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இன்று மூடப்பட்டன. எங்கள் பள்ளியும் வகுப்புகளை இணைய வழியில் நடத்தியது. நாளை முதல் ஒரு வாரத்துக்கு ரயிலும் பேருந்தும் இலவசம் என்று அரசு அறிவித்திருக்கிறது. வாகனங்களை வீட்டில் நிறுத்தட்டும் என்பதற்காக.

ஜனவரி 27, திங்கட்கிழமை

பள்ளி வாயிலில் தினமும் காற்றின் தரத்தைக் காட்டும் வண்ணக் கொடி ஒன்றை ஏற்றுவார்கள். சிவப்புக் கொடியானால் வெளி விளையாட்டு இல்லை. கடந்த வாரத்தின் அளவுகளைப் பலகையில் எழுதி, பட்டை வரைபடத்தைக் கொடி நிறத்திலேயே தீட்டுமாறு சொன்னேன். ஒரு நாளின் சராசரி, ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம், கொடி சிவப்பு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். தாய்லாந்துச் சிறுமி, இரண்டு வாரத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை. “அன்று என் பாட்டியின் கைப்பேசியில் ஆரஞ்சு காட்டியது. எண் இதே எண்தான்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் கற்றதெல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது: தெரியாத கேள்வி வந்தால் ‘நல்ல கேள்வி, நாளை பார்ப்போம்’ என்று கூறி வகுப்பின் கட்டுப்பாட்டை இழக்காமல் நகர வேண்டும். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு எண்ணினேன். நான்கு, ஐந்து, ஆறு. கூச்சல் எழவில்லை. ஏழாவது நொடியில் “எனக்குத் தெரியாது” என்றேன். ஆசிரியர் நாற்காலிக்கு அருகில் நின்று அந்தச் சொற்களை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அடுத்த அரை மணி நேரம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லாத பாடம் நடந்தது. கைக்கணினிகளில் தேடித் தேடி, பள்ளிக் கொடி அமெரிக்க அளவுகோலின்படி பறக்கிறது என்றும், பாட்டியின் செயலி தாய்லாந்து அளவுகோலைக் காட்டுகிறது என்றும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கணக்கில் 55-ஐத் தாண்டினாலே சிவப்பு. தாய்லாந்துக் கணக்கில் 37.5-க்கு மேல் 75 வரை ஆரஞ்சு, அதற்கு மேல்தான் சிவப்பு. ஆக, 70 என்பது அங்கே சிவப்பு, இங்கே ஆரஞ்சு.

“உங்கள் நாட்டில் என்ன நிறம், மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். தேடிப் பார்த்தோம். இந்தியக் கணக்கில் 61 முதல் 90 வரை மிதமானது. மஞ்சள்.

வகுப்பில் சிரிப்பு எழவில்லை. அவர்கள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார்கள். “அப்படியானால் அன்றைக்கு நாங்கள் இந்தியாவில் இருந்திருந்தால் வெளியே விளையாடியிருக்கலாமா?” என்று கால்பந்தை மடியில் வைத்திருந்த சிறுவன் கேட்டான். கேள்வி ஏளனமாக இல்லை, ஏக்கமாக இருந்தது. ஒரு நாள் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 15 தான் என்பதை யாரோ வாசித்துக் காட்டியதும் அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டான்.

மணியடித்தது. வரைபடம் ஒருவரும் முடிக்கவில்லை. தொகுத்தலும் மதிப்பிடலும் நடக்கவே இல்லை.

ஜனவரி 29, புதன்கிழமை

சீனப் புத்தாண்டு. இலவச ரயிலில் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை

காற்று மாசுக்குக் காரணம் யார் என்பதைக் காட்டும் சுவரொட்டிகளைப் பிள்ளைகள் குழுக்களாகத் தயாரித்தார்கள். ஒரு குழுவின் சுவரொட்டியில் வாகனங்கள் ஓரமாகச் சிறியனவாக இருந்தன. நடுவில் பெரிதாக ஒரு மனிதன், தலையில் அகன்ற தொப்பி, கையில் தீப்பந்தம், பின்னால் எரியும் கரும்புத் தோட்டம். புருவத்தைக் கோணலாக வரைந்து அவனைக் கெட்டவனாக்கியிருந்தார்கள். இங்கே கரும்பை வெட்டுவதற்கு முன்பே தீ வைக்கும் வழக்கம் உண்டு. தோகை எரிந்துவிட்டால் ஆள் வைத்து வெட்டுவது எளிது, கூலியும் குறையும்.

இந்தப் பிள்ளைகள் யாரும் கரும்புத் தோட்டத்துக்குள் போனவர்கள் அல்லர் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வெட்டிய பிறகு, சோகை என்னும் காய்ந்த தோகையை எரிப்பார்கள். எரித்த மறுநாள் கட்டைக்குத் தண்ணீர் விட்டால் அதிலிருந்து வரும் அடுத்த பயிரான மறுதாம்பு சீராகக் கிளம்பும் என்பது அப்பாவின் நம்பிக்கை. சின்ன வயதில் அந்தத் தீயைப் பார்ப்பதற்காகவே பள்ளியிலிருந்து ஓடி வருவேன். சாம்பல் துணுக்குகள் கறுப்புப் பூச்சிகள்போல மிதந்து வந்து துவைத்த துணிகளில் உட்காரும், அம்மா திட்டுவார்.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கைப்பேசியில் இருந்த அப்பாவின் படத்தைத் திரையில் காட்டி, “இவர் எரிப்பவர்” என்றேன். வகுப்பு அமைதியானது. இம்முறை எண்ணாமலே காத்திருந்தேன். சுவரொட்டியை வரைந்த சிறுமி படத்தையும் தன் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவரிடம் நாங்கள் கேள்வி கேட்கலாமா?” என்றாள்.

தாளில் ஏழு கேள்விகள் எழுதிக் கொடுத்தார்கள். புருவத்தை அவர்கள் மாற்றவில்லை. அதை நான் சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழக்கிழமை

கடைசி வகுப்புக்கு வழிகாட்டி ஆசிரியை தந்த தாள்: 12 கேள்விகள், என் பெயர் இரண்டே இடங்களில், மிக நீண்ட காத்திருப்பு ஒன்பது நொடி. கீழே சிவப்பு மையில் அல்ல, பென்சிலில் ஒரு குறிப்பு: “இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்களை நீ இன்னும் பார்ப்பதில்லை.” உண்மைதான். எங்கள் அரசுப் பள்ளியில் இடப்பக்கம் ஜன்னல். வெயில் கண்ணைக் கூசும் என்பதால் அங்கே திரும்பாமலே பழகிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனிக்கிழமை, விமான நிலையம்

குடியேற்றச் சோதனை முடிந்து உள்ளே வந்தால், வரும்போது காணாத பாற்கடல் கடையும் சிற்பம் வண்ண வண்ணமாக நீண்டு கிடக்கிறது. தேவரும் அசுரரும் வாசுகியை இழுத்துக்கொண்டிருக்க, கீழே பயணிகள் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

விமானத்துக்கு நேரம் இருந்ததால் அப்பாவை அழைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். முதல் மூன்றுக்குச் சட்டென்று பதில் வந்தது. நான்காவது, எரிக்காமல் விட்டால் சோகை மட்க எத்தனை நாள் ஆகும் என்பது. “மூணு நாலு மாசம் ஆவும். அதுவரைக்கும் மறுதாம்பு என்னத்துக்கு ஆவறது?” என்றார். பிறகு, “யாரு கேக்கறது, வேளாண்மை ஆபீசரா?” என்று விசாரித்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றதும் குரல் இறங்கியது. பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும் என்று ஆலைக்காரர்கள் சொல்வதையும், எலி சேரும் என்று தாம் அஞ்சுவதையும் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். இறங்கியதும் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஆறாவது கேள்வி சுவரொட்டிச் சிறுமியுடையது: எரிக்கும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா?

அப்பா ஒன்றும் பேசவில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்று, பன்னிரண்டு. என் விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.